ஆறு புள்ளி சேர்ந்தால் ஜெர்மனியில் வேலை உறுதியா?

கோவைக்கு அருகிலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு வயது 36. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் பி.இ. மெக்கானிக்கல் முடித்தவர். 13 ஆண்டுகளாகப் பம்ப் செட் தயாரிக்கும் நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். மனைவிக்கு 33, பி.எஸ்சி. நர்சிங் படித்து, தனியார் மருத்துவமனை ஒன்றின் ஐ.சி.யூ.வில் எட்டு ஆண்டுகளாக வேலை. ஆறு வயதில் ஒரு மகள். தாயாரும் இவர்களோடுதான் இருக்கிறார்.

உள்ளூர் கன்சல்டன்சி ஒன்று இவருக்கு ‘சான்சன்கார்ட்டே’ எனப்படும் ஜெர்மன் வாய்ப்பு அட்டையை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. கட்டணம் 6.5 லட்சம் ரூபாய். “உங்களுக்கு ஏழு புள்ளி இருக்கிறது, ஆறு போதும், போய் இறங்கினால் மூன்று மாதத்தில் வேலை” என்பது அவர்கள் பேச்சு. 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மீதிக்கும், கணக்கில் காட்ட வேண்டிய தொகைக்கும் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். மனைவி, மகளை உடனே அழைத்துப் போகலாமா, பகுதிநேர வேலையில் செலவைச் சமாளிக்க முடியுமா, மூன்று ஆண்டில் குடியுரிமை கிடைக்குமா, அம்மாவையும் பிறகு வரவழைக்கலாமா என்பவை அவர் கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

பத்திரத்தை இப்போதைக்குப் பீரோவிலேயே வையுங்கள். ஜெர்மனிக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் குடும்பத்துக்கு அங்கே போக இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன, அவற்றில் எதற்கும் வீட்டை அடகு வைக்கத் தேவையில்லை.

வாய்ப்பு அட்டை 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது வேலைக்கான விசா அல்ல, வேலை தேடுவதற்கான அனுமதி. அதிகபட்சம் ஓர் ஆண்டு அங்கே தங்கி வேலை தேடலாம். தேடும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலை பார்க்கலாம். ஒரு நிறுவனம் உங்களைச் சோதித்துப் பார்க்க விரும்பினால் அங்கே இரண்டு வாரம் வரை வேலை செய்து காட்டலாம். தகுந்த வேலை கிடைத்தால் ஊர் திரும்பாமல் அங்கேயே வேலை அனுமதிக்கு மாறிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் ஆண்டு முடிவில் மூட்டை கட்ட வேண்டியதுதான். வேலைக்கு அரசோ ஏஜென்ட்டோ உத்தரவாதம் தருவதாகச் சட்டத்தில் எங்கும் இல்லை.

ஆண்டுக்கு 90,000 இந்தியர்களுக்கு ஜெர்மனி விசா ஒதுக்கியிருப்பதாகவும் அவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2024 அக்டோபரில் ஜெர்மன் அரசு திறன் தொழிலாளர் விசா எண்ணிக்கையை 20,000 என்ற அளவிலிருந்து 90,000 வரை உயர்த்தப்போவதாக அறிவித்தது உண்மை. ஆனால் அது இந்தியர்களுக்கென்று எடுத்துவைத்த இடஒதுக்கீடு அல்ல. தகுதி விதிகள் எல்லாருக்கும் போலத்தான் உங்களுக்கும்.

உங்கள் புள்ளிகளை மறுபடி எண்ணிப் பார்ப்போம்

வாய்ப்பு அட்டைக்கு வயது, அனுபவம், மொழி போன்றவற்றுக்குப் புள்ளி போடுவார்கள், குறைந்தது ஆறு வேண்டும். வயது 35-இலிருந்து 40-க்குள் இருப்பதால் 1. கடந்த ஏழு ஆண்டில் ஐந்து ஆண்டு உங்கள் படிப்பு சார்ந்த அனுபவம் இருப்பதால் 3. மெக்கானிக்கல் பொறியாளர் ஆள் பற்றாக்குறைத் தொழில்களின் பட்டியலில் வருவதால் 1. இந்த ஐந்து புள்ளியில் சிக்கல் இல்லை.

ஆறாவதாக ஆங்கிலத்துக்கு ஒன்று போட்டிருக்கிறார்கள். மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஏறுவரிசையில் ஆறு நிலைகளாகப் பிரிப்பார்கள். அந்தப் புள்ளி சி1 நிலைக்குத்தான். உங்கள் ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் 6.5, அது பி2. சி1-க்கு 7 வேண்டும். பி2 ஆங்கிலம் விண்ணப்பிக்கவே தேவைப்படும் அடிப்படைத் தகுதி, அதற்குத் தனிப் புள்ளி கிடையாது. ஏழாவதாக உங்கள் மனைவியின் பேரில் ஒன்று. கணவன் மனைவி இருவரும் வாய்ப்பு அட்டைக்கான நிபந்தனைகளை நிறைவு செய்து, சேர்ந்து போகும்போதுதான் அது கணக்கில் வரும். மனைவியிடம் இன்று ஆங்கிலத்துக்கோ ஜெர்மனுக்கோ சான்றே இல்லை. ஆக, கையில் இருப்பது ஐந்து. இந்த விண்ணப்பம் இப்படியே போனால் நிராகரிப்புதான்.

ஜெர்மன் ஏ2 முடித்தால் ஒரு புள்ளி, பி1-க்கு இரண்டு, பி2-க்கு மூன்று. ஏ2 எழுதினாலே ஆறாகிவிடும். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்றை உங்கள் ஏஜென்ட் தொடவே இல்லை.

புள்ளிக் கணக்கு யாருக்காக ஏற்பட்டது? ஜெர்மனியில் முழுமையாக அங்கீகாரம் பெறாத தகுதி உள்ளவர்களுக்காக. உங்கள் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு இணையானது என்று ஏற்கப்பட்டால் நீங்கள் ‘திறன் தொழிலாளர்’ என்ற வகைக்குள் வந்துவிடுவீர்கள். அப்போது வாய்ப்பு அட்டைக்குப் புள்ளியே எண்ண வேண்டாம். அதைவிட முக்கியமாக, நேரடி வேலை விசாவுக்கான கதவும் அதே சாவியில்தான் திறக்கும்.

இதைப் பார்ப்பதற்குச் செலவு கிடையாது. ‘அனாபின்’ என்ற ஜெர்மன் அரசுத் தரவுத்தளத்தில் முதலில் பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். நீங்கள் படித்த கல்லூரியின் பெயரை வேண்டாம், பட்டச் சான்றிதழை வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுங்கள். பலர் கல்லூரிப் பெயரைப் போட்டுவிட்டு, காணவில்லை என்று பயந்துபோகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு எதிரே ‘எச் பிளஸ்’ என்று இருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்டது என்பதன் குறி அது. அடுத்து பி.இ. பட்டத்தைத் தேடி, அதற்கு நேரே ‘என்ட்ஷ்ப்ரிஹ்ட்’ அல்லது ‘க்ளைஷ்வெர்ட்டிக்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவதற்கு ‘ஒத்தது’ என்றும், இரண்டாவதற்கு ‘சமமானது’ என்றும் பொருள். இரண்டில் எது இருந்தாலும் போதும். ‘பெடிங்ட் ஃபெர்க்ளைஷ்பார்’, அதாவது ‘ஓரளவே ஒப்பிடத்தக்கது’ என்றிருந்தால் போதாது. இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விசா விண்ணப்பத்தில் அவையே ஆவணம். பட்டம் பட்டியலில் இல்லையென்றால், பான் நகரில் இருக்கும் வெளிநாட்டுக் கல்வி மைய அலுவலகத்துக்கு நீங்களே ஆன்லைனில் விண்ணப்பித்து ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம். கட்டணம் 200 யூரோவுக்குச் சற்று மேல். இதே வேலைக்கு ஏஜென்ட் 85,000 ரூபாய் போட்டிருப்பதை நீங்கள் அனுப்பிய கட்டண விவரத்தில் பார்த்தேன்.

அடமானப் பணம் எங்கே போகும்?

வாய்ப்பு அட்டைக்கு மாதம் 1,091 யூரோ வீதம் ஓர் ஆண்டுச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும், மொத்தம் 13,092 யூரோ. பெரும்பாலும் இதைப் பிளாக்டு அக்கவுண்டில் போடச் சொல்வார்கள். மாதத்துக்கு ஒரு பங்குதான் அதிலிருந்து எடுக்க முடியும். “பணம் உங்களுடையதுதானே, எங்கே போகப்போகிறது” என்று ஏஜென்ட் சொன்னது பாதி உண்மை. வேலை கிடைக்காத ஒவ்வொரு மாதமும் அதைத்தான் சாப்பிட்டுத் தீர்ப்பீர்கள். ஆண்டு முடிவில் கணக்கு காலியாகியிருக்கும். ஊரில் அடமான வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு செலவை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்வரி பிடிக்கும். கல்விக்கான சலுகை வேலை தேடப் போகிறவருக்குப் பொருந்தாது. ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே 13.09 லட்சம் ஆகிறது, 3.09 லட்சத்துக்கு ஏறக்குறைய 62,000 ரூபாய் பிடிப்பு. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைச் சரிக்கட்டவோ திரும்பப் பெறவோ முடியும், ஆனால் அனுப்பும் நாளில் கையில் இருந்தாக வேண்டும். பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் அனுப்பினால் இரண்டு நிதியாண்டுக் கணக்கில் போய்விடும். அதில் சட்டத் தவறு எதுவுமில்லை.

பகுதிநேர வேலையில் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2026-இல் ஜெர்மனியின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ. வாரம் 20 மணி நேரம் என்றால் பிடித்தம் போகும் முன் மாதம் ஏறத்தாழ 1,200 யூரோ. தனி ஆளாக, ஒரு சிறு நகரத்தில், சமைத்துச் சாப்பிட்டால் ஓடும். மியூனிக் போன்ற ஊரில் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறைக்கே 700, 800 யூரோ போய்விடும். தவிர, கிடங்கிலும் ஓட்டலிலும் 20 மணி நேரம் நின்றுவிட்டு, மீதி நேரத்தில் பொறியாளர் வேலைக்கு ஜெர்மன் மொழியில் விண்ணப்பம் எழுதி நேர்காணலுக்குத் தயாராவது எளிதல்ல. ஓர் ஆண்டு என்பது அங்கே நினைப்பதைவிட வேகமாகக் கரையும். பல நிறுவனங்களில் விண்ணப்பத்துக்கும் வேலை ஒப்பந்தத்துக்கும் இடையிலேயே இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும்.

மனைவி, மகளை அழைத்துப் போகும் கேள்விக்கு என் பதில்: இந்த அட்டையை நம்பி அதற்குத் திட்டமிடாதீர்கள். வேலை தேடும் தற்காலிக அனுமதியின் பேரில் குடும்ப விசா கிடைக்காது என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

கோவையில் இருந்தபடியே வேலை தேடுங்கள்

பட்டம் அங்கீகரிக்கப்பட்ட பொறியாளருக்கு நேரான வழி இரண்டு. ஒன்று ஐரோப்பிய புளூ கார்டு, பட்டதாரிகளுக்கான வேலை, வசிப்பு அனுமதி. 2026-இல் அதற்கு ஆண்டுச் சம்பளம் குறைந்தது 50,700 யூரோ இருக்க வேண்டும். பற்றாக்குறைத் தொழில்களுக்கு 45,934.20 யூரோ போதும். மாதத்துக்கு 3,828 யூரோ என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பொருந்துவது இந்தக் குறைந்த வரம்பு. 2025-இல் இவை 48,300, 43,759.80 என்று இருந்தன. ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும் என்பதால் ஒப்பந்தத்தில் சம்பளத்தை விளிம்பில் வைக்க வேண்டாம். வேலை ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதத்துக்கு இருக்க வேண்டும். இரண்டாவது, குடியிருப்புச் சட்டத்தின் 18பி பிரிவில் வரும் திறன் தொழிலாளர் அனுமதி. 45 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு அதில் குறிப்பிட்ட சம்பள வரம்பு இல்லை. அதே வேலைக்கு ஜெர்மானியருக்குத் தரும் அளவு ஊதியம் இருந்தால் போதும்.

புளூ கார்டில் போகிறவரின் மனைவிக்கு விசாவுக்கு ஜெர்மன் மொழிச் சான்று கேட்பதில்லை. வந்த நாளிலிருந்து அவர் வேலைக்குப் போகலாம். நிரந்தர வசிப்புரிமைக்கு புளூ கார்டில் 27 மாதமும் ஏ1-உம் போதும். பி1 இருந்தால் 21 மாதம். 18பி வழியில் மூன்று ஆண்டும் பி1-உம்.

நிறுவனம் தயாராக இருந்தால் விரைவு நடைமுறை ஒன்றும் உண்டு. உங்கள் சார்பில் நிறுவனமே உள்ளூர் வெளிநாட்டினர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டி விண்ணப்பிக்கும். முன் ஒப்புதல் வந்துவிட்டால் தூதரகம் மூன்று வாரத்துக்குள் நேரம் ஒதுக்கி, ஆவணங்கள் சரியாக இருந்தால் அடுத்த மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சிறிய நிறுவனங்கள் பலவற்றுக்கு இது தெரியாது. நேர்காணல் நல்லபடி போனால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, வேலை கிடைக்குமா? உள்ளபடி சொல்வதானால், ஜெர்மன் தெரியாத மெக்கானிக்கல் பொறியாளருக்கு இது நல்ல காலம் அல்ல. வாகனத் துறை ஆட்குறைப்பில் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் 2030-க்குள் 35,000-க்கு மேற்பட்ட இடங்களைக் குறைக்க 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தது. அங்கே வேலை இழந்த அனுபவசாலிகள் உங்களோடு அதே வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் உங்கள் கையில் இருப்பது பம்ப். ஃப்ராங்கென்டாலில் கே.எஸ்.பி., டார்ட்மண்டில் விலோ என்று பெரிய பம்ப் நிறுவனங்களும், அவற்றைச் சுற்றி வால்வு, சீல், வார்ப்புப் பாகங்கள் செய்யும் நடுத்தர நிறுவனங்களும் அங்கே உண்டு. கார் கம்பெனிகளை விட்டுவிட்டு இவற்றின் பக்கம் தேடுங்கள்.

உங்கள் அனுபவச் சான்றிதழை முதலில் மாற்றி வாங்க வேண்டும். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணிபுரிந்தார், நன்னடத்தை உள்ளவர் என்ற நம் ஊர் வழக்கப்படியான நாலு வரி அங்கே எதையும் சொல்லாது. என்ன வேலை செய்தீர்கள் என்பதை நிறுவனத்தின் தாளில் ஒரு பக்கத்துக்கு எழுதி வாங்குங்கள்: ஐ.எஸ்.ஓ. 9906 முறைப்படி பம்ப் செயல்திறன் சோதனை நடத்தியது, அளவீட்டு எந்திரங்களை இயக்கியது, வாடிக்கையாளர் புகார்களுக்குக் காரணம் கண்டறிந்து எழுதியது, உங்கள் கீழ் எத்தனை பேர் என்பது வரை. ஜெர்மன் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தேடல் தளமும், அரசின் ‘மேக் இட் இன் ஜெர்மனி’ தளமும் இலவசம். வாரத்துக்கு ஐந்து விண்ணப்பம், ஒவ்வொன்றும் அந்த வேலைக்கென்றே எழுதியது. ஐம்பது இடத்துக்கு ஒரே பயோடேட்டாவை அனுப்புவதைவிட இது பலன் தரும்.

மொழி இல்லாமல் மட்டும் புறப்படாதீர்கள். தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர் உற்பத்திக்கூடத்தில் தொழிலாளியோடு பேச வேண்டும், அது ஜெர்மனில்தான். குறைந்தது பி1 வரை கோவையிலேயே படியுங்கள். கோயம்புத்தூரிலேயே ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே சென்ட்ரம் இருக்கிறது. பி1 கையில் வந்த பிறகும் இங்கிருந்து வேலை அமையவில்லையென்றால், அப்போது வாய்ப்பு அட்டையை யோசிக்கலாம். அந்த நிலையில் நேரில் போய்த் தேடுவதற்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

நீங்கள் கேட்காத கேள்வி: உங்கள் மனைவி

கடிதம் முழுக்க உங்கள் புள்ளிகளைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். மனைவியின் தகுதி ஒரே வரியில் முடிந்துவிட்டது. இருவரில் ஜெர்மனியில் தேவை அதிகம் இருப்பது அவருக்குத்தான்.

நர்சிங் அங்கே அனுமதி பெற்றுச் செய்ய வேண்டிய தொழில். பட்டத்தைக் காட்டி நேரே வேலையில் சேர முடியாது. அவர் வேலை செய்யப்போகும் மாநிலத்தின் அதிகாரியிடம் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாடத்திட்டம், மணி நேர விவரம், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு, பணி அனுபவம் எல்லாவற்றையும் அவர்கள் ஒப்பிட்டு, எங்கே குறைகிறது என்று ஓர் அறிக்கை தருவார்கள். பயப்பட வேண்டாம், இந்தியச் செவிலியர்களுக்குப் பெரும்பாலும் அது வரும். குறையை இரண்டு விதமாக நிரப்பலாம்: அறிவுத் தேர்வு எழுதலாம், அல்லது மருத்துவமனையில் தகவமைப்புப் பயிற்சி முடிக்கலாம். எட்டு ஆண்டு ஐ.சி.யூ. அனுபவம் உள்ளவருக்கு எது ஏற்றது என்பதை அறிக்கையைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். அதுவரை துணைச் செவிலியர் சம்பளத்தில் அதே மருத்துவமனையில் வேலை. தேறியதும் முழு உரிமம். அதற்கு ஜெர்மன் பி2 தேவை. முதியோர் பராமரிப்பில் முழுத் தகுதி பெற்ற செவிலியருக்குக் குறைந்தபட்ச ஊதியமே 2025 ஜூலையிலிருந்து மணிக்கு 20.50 யூரோ.

பி2 வரை 45 நிமிட வகுப்புகளாக 600 முதல் 800 ஆகும். ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டு படித்தால் ஒன்றரை ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழியில் செலவை ஏற்பது வேலை தருபவர். செவிலியரிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்காத நிறுவனங்களுக்கு ஜெர்மன் அரசு ‘நேர்மையான ஆள்சேர்ப்பு’ என்ற தரமுத்திரை கொடுக்கிறது. அதைப் பார்த்து அணுகுங்கள். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம். ஒப்பந்தத்தில் ஒரு பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்: இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், எத்தனை ஆண்டுக்கு என்பது. தொகை பெரிதாகவும் காலம் நீளமாகவும் இருந்தால் கையெழுத்து போட வேண்டாம்.

அங்கீகாரம் முடியும் வரை அவர் தனியாகத்தான் இருக்க நேரும். துணைச் செவிலியர் சம்பளத்தில் மூன்று பேருக்கான வாழ்க்கைச் செலவைக் காட்டுவது கடினம். உரிமம் வந்து திறன் தொழிலாளர் அனுமதிக்கு மாறிய பிறகு நீங்களும் மகளும் குடும்ப விசாவில் போகலாம். அப்போது உங்களுக்குப் புள்ளியும் வேண்டாம், பிளாக்டு அக்கவுண்டும் வேண்டாம். எந்த வேலைக்கும் சேரும் உரிமையோடு போய் இறங்குவீர்கள். மனைவி முன்னால் போய், மகளை நீங்கள் இங்கே பார்த்துக்கொள்வது வீட்டில் சங்கடமான பேச்சாக இருக்கலாம். இருந்தாலும் அவரைக் கேளுங்கள். அவர் இந்தக் கடிதத்தைப் படித்திருக்கிறாரா என்றே எனக்கு ஐயமாக இருக்கிறது.

அந்தக் கட்டணப் பட்டியலைப் பற்றி

‘பட்டச் சான்றிதழ் அப்போஸ்டில்: 40,000 ரூபாய்’ என்று ஒரு வரி. ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்காகப் போடும் சான்று முத்திரைதான் அப்போஸ்டில். இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. இரு நாட்டுக்கும் இடையே அது செல்லுபடியாவதில்லை. ஜெர்மன் விசாவுக்கு அந்தச் செலவு வீண்.

‘நிராகரித்தால் ஒரு மேல்முறையீடு இலவசம்’ என்று இன்னொரு வரி. தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் முறை 2025 ஜூலை 1-உடன் நின்றுவிட்டது. இப்போது இருப்பது இரண்டே வழி: குறையைத் திருத்திப் புதிதாக விண்ணப்பிப்பது, அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது. இல்லாத சேவையை இலவசம் என்று விற்கிறார்கள்.

விசா கட்டணம் 75 யூரோ. விண்ணப்பத்தை ஜெர்மன் வெளியுறவுத் துறையின் தூதரகச் சேவைத் தளத்தில் நீங்களே நிரப்பலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னைத் துணைத் தூதரகம்.

ஏ2 சான்றிதழை ‘தேர்வு எழுதாமல் ஏற்பாடு செய்து தருகிறோம்’ என்று அவர்கள் சொன்னதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இதுவே போதும், அவர்களைவிட்டு விலக. போலிச் சான்று பிடிபட்டால் மாட்டிக்கொள்வது விண்ணப்பதாரர், ஏஜென்ட் அல்ல. விசா மறுப்போடு நிற்காது. நுழைவுத் தடை, குற்ற வழக்கு வரை போகக்கூடிய விஷயம். பின்னால் நேர்மையாகப் போடும் விண்ணப்பத்தையும் அது துரத்தும்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் இந்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். பதிவு பெற்றவர்கூட வேலை தேடுபவரிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ‘நாங்கள் ஆலோசனைதான் தருகிறோம், ஆள்சேர்ப்பு இல்லை’ என்று அவர்கள் நழுவினால், வேலை வாங்கித் தருவதாகச் சொன்னது என்ன கணக்கு என்று கேளுங்கள்.

பெயரில் இருக்கும் இனிஷியல்

நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள தொல்லை இது. மார்க் ஷீட்டில் பெயரும் இனிஷியலும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில், திருமணச் சான்றில் வேறொரு வரிசை. சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. ஜெர்மன் அலுவலருக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்கள். விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் இருவர், மகள் மூவரின் ஆவணங்களையும் ஒரே மேசையில் பரப்பிப் பாருங்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கும் காலம் நெருங்கியிருந்தால் திருத்தத்தை அப்போதே முடியுங்கள். மீதிக்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே நபருடையவை என்று நோட்டரி உறுதிமொழி ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனைவியின் நர்சிங் பதிவுச் சான்றில் திருமணத்துக்கு முந்தைய இனிஷியல் இருக்கும், அதையும் பாருங்கள்.

அம்மாவும் குடியுரிமையும்

2024 மார்ச் 1-க்குப் பிறகு முதன்முதலாக அனுமதி பெறும் திறன் தொழிலாளர்கள் பெற்றோரை அழைத்துக்கொள்ள ஜெர்மன் சட்டம் இடம் தருகிறது. ஏஜென்ட் சொன்னதில் இது சரிதான். ஆனால் தாயாரின் முழுச் செலவையும் மருத்துவக் காப்பீட்டையும் நீங்கள் உறுதிசெய்து காட்ட வேண்டும். அரசு சார்ந்த காப்பீட்டில் மனைவி, மகள் உங்களோடு சேர்ந்துகொள்வது போலத் தாயார் சேர முடியாது. அந்த வயதில் தனியார் காப்பீடு கிடைப்பதே சிரமம், கிடைத்தாலும் மாதாமாதம் பெருந்தொகை. எனவே அவர் ஊரில் இருப்பார் என்ற கணக்கிலேயே எல்லா ஏற்பாடும் செய்யுங்கள்.

மூன்று ஆண்டில் குடியுரிமை தரும் விதியை 2025 அக்டோபரில் நீக்கிவிட்டார்கள். இப்போது ஐந்து ஆண்டு. இரட்டைக் குடியுரிமையை ஜெர்மனி 2024 ஜூனிலிருந்து ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. ஜெர்மன் குடியுரிமை வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும்; பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொள்ளலாம். ஊரில் இரண்டு ஏக்கர் தோட்டம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் விவசாய நிலத்தைப் புதிதாக வாங்க முடியாது. பரம்பரையாக வருவதை வைத்திருக்கலாம். நிரந்தர வசிப்புரிமையோடு நிறுத்திக்கொண்டால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அதை அங்கே போய் ஐந்தாவது ஆண்டில் யோசித்தால் போதும்.

கொடுத்த 50,000 ரூபாயைத் திரும்பக் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். புள்ளிகள் தவறாகக் கணக்கிடப்பட்டது, அப்போஸ்டில், மேல்முறையீடு, வேலை உத்தரவாதம் ஆகிய நான்கையும் தேதியோடு குறிப்பிட்டு, 15 நாள் அவகாசம் கொடுத்து, சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களை அழித்துவிடாதீர்கள். கூகுள் பே ரசீதையும் அச்செடுத்து வையுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அவர்கள் கையில் உங்கள் அசல் சான்றிதழ்கள் ஏதாவது இருந்தால், கடிதத்தை அனுப்பும் முன் நேரில் போய் அவற்றை வாங்கிவிடுங்கள்.